உங்களுக்குத் தெரியுமா? சிறைக்கு அனுப்பும் பேனா, சிகிச்சைக்கும் அனுப்பும்!

போதைக்கு அடிமையான ஒருவர் திருட்டிலோ சில்லறை விற்பனையிலோ பிடிபட்டால், அவர் கதியை நீதிபதிதான் முடிவு செய்கிறார் என்று நினைக்கிறோம். பல நாடுகளில் நீதிபதிக்கு முன்பே இன்னொருவர் முடிவெடுத்துவிடுகிறார். அவர்தான் அரசு வழக்கறிஞர். வழக்குப் போடலாமா, எந்தப் பிரிவில் போடலாம், சிகிச்சைக்குச் சம்மதித்தால் வழக்கை நிறுத்தி வைக்கலாமா என்பதெல்லாம் அவர் மேஜையில்தான் தீர்மானமாகிறது. அந்த அதிகாரத்தைச் சிலர் உயிர் காக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், நம் சட்டத்தில் உள்ள வழிகளைப் பற்றியும் சில தகவல்கள்.

◆ ஓட்டு வாங்கி வரும் வக்கீல்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி' என்பது பதவியின் பெயர். அங்கே தண்டனையில் முடியும் வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை விசாரணை வரை போவதே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் அரசுத் தரப்போடு பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. சிகிச்சையா, சிறையா என்பதும் பெரும்பாலும் அந்தப் பேச்சுவார்த்தையிலேயே முடிவாகிறது.

◆ ஊசித் தழும்புக்கு 90 நாள்

கையில் ஊசித் தழும்பு இருந்தது. கையில் போதைப்பொருள் எதுவும் இல்லை. 'இவர் போதை அடிமை' என்பதையே குற்றமாக்கி, கலிபோர்னியாவில் ஒருவருக்கு 90 நாள் சிறை விதித்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அடிமையாக இருப்பது ஒரு நோய்நிலை, அதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 1962-ல் தீர்ப்பு வந்தது. 'ராபின்சன் எதிர் கலிபோர்னியா' என்ற இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வழக்கைத் தொடுத்தவர் தீர்ப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். தீர்ப்பு எழுதிய நீதிபதிகளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

◆ முந்திக்கொண்ட பிரான்ஸ்

1970 டிசம்பர் 31 அன்று பிரான்ஸ் ஒரு போதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. போதைப் பயன்பாட்டைக் குற்றமாகவே வைத்துக்கொண்டாலும், பிடிபட்டவரை 'சிகிச்சைக்குப் போ' என்று அனுப்பும் அதிகாரத்தை அது அரசு வழக்கறிஞருக்குக் கொடுத்தது. சிகிச்சையை முடித்தவர் மேல் வழக்கு இல்லை. தானாக முன்வந்து மருத்துவமனைக்குப் போனால் சிகிச்சை இலவசம், பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே சிகிச்சைக்கும் இடம் வைத்த சட்டங்களில் இது முன்னோடி.

◆ வில்மிங்டனில் ஒரு பாலம்

நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் நின்று, ஆளைச் சோதித்து, சிகிச்சையில் சேர்த்து, எப்படி இருக்கிறார் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தர ஓர் அமைப்பு வேண்டும். அமெரிக்காவில் 'டாஸ்க்' என்ற பெயரில் அது 1972-ல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் தொடங்கியது. அதைப் பார்த்துப் பல நகரங்கள் தங்கள் ஊரிலும் ஏற்படுத்திக்கொண்டன.

◆ எதிர்த்திசையில் நியூயார்க்

அடுத்த ஆண்டே, 1973-ல், நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் நாட்டிலேயே மிகக் கடுமையான போதைச் சட்டங்களைக் கொண்டுவந்தார். 10 ஆண்டுக்குள் இரண்டாவது முறை பெருங்குற்றத்தில் சிக்கினால் சிறை கட்டாயம். சில வகை போதை விற்பனைக்கு, இரண்டாம் முறை என்றால், மிகக் குறைந்த தண்டனையே நாலரை முதல் 9 ஆண்டு வரை. நீதிபதி இரக்கப்பட்டாலும் சட்டம் வழி விடவில்லை. சிறைகள் நிரம்பின. வெளியே வந்தவர்கள் பழைய தெருவுக்கே போய், பழைய பொருளையே வாங்கினார்கள்.

◆ மியாமியின் முதல் போதை நீதிமன்றம்

1980-களில் மியாமியில் கொக்கெய்ன் வழக்குகள் குவிந்து நீதிமன்றங்கள் திணறின. சிகிச்சையையே தீர்வாக வைத்த முதல் 'போதை நீதிமன்றம்' 1989-ல் அங்கே தொடங்கியது. அன்றைய மியாமி தலைமை அரசு வழக்கறிஞர் ஜேனட் ரீனோ அதற்குத் தோள் கொடுத்தார். முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். சிகிச்சையில் கவுன்சலிங்கோடு அக்குபங்சரும் இருந்தது. ரீனோ 1993-ல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். இன்று அந்த நாட்டில் இத்தகைய சிகிச்சை நீதிமன்றங்கள் ஏறத்தாழ 4,000.

◆ புரூக்ளின் காட்டிய வழி

மியாமியில் நீதிமன்றம் தொடங்கியதை, புரூக்ளினில் அரசு வழக்கறிஞர் அலுவலகமே தொடங்கியது. 1990 அக்டோபரில் அங்கே தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர் சார்ல்ஸ் ஹைன்ஸ். 'சிறைக்கு மாற்றாகப் போதை சிகிச்சை' என்ற பொருளில் 'டீடேப்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். அரசுத் தரப்பே முன்னின்று நடத்தி, ஆளைத் தங்கவைத்துச் சிகிச்சை தந்த முதல் அமெரிக்கத் திட்டம் இது.

இதில் துணிச்சலான விஷயம், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான். முதல் முறை தவறியவரை மன்னிப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஹைன்ஸ் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே தண்டனை பெற்று மறுபடியும் மாட்டியவர்களை. ராக்கஃபெல்லர் காலத்துச் சட்டப்படி அவர்களுக்குச் சிறை கட்டாயம். அரசு வழக்கறிஞர் மனம் வைக்காவிட்டால் அவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

◆ அந்தக் கோப்பில் என்ன பார்ப்பார்கள்?

புரூக்ளினில் கைதானவரின் கோப்பு உதவி அரசு வழக்கறிஞர் மேஜைக்கு வரும். முதலில் பழைய வழக்குகளைப் புரட்டுவார். அடிதடி, ஆயுதம், வன்முறை என்று இருந்தால் கோப்பு அங்கேயே மூடப்படும். இல்லை என்றால் அடுத்த கேள்வி: இவர் உண்மையிலேயே அடிமையா, காசுக்காக மட்டும் விற்பவரா? அதைச் சிகிச்சை நிபுணர்கள் நேரில் பேசிப் பார்த்துச் சொல்வார்கள். அதோடு முடியாது. அலுவலகத்தின் சொந்தப் புலனாய்வாளர்கள் அவர் கொடுத்த முகவரிக்கே போய், தாயோ மனைவியோ அண்ணனோ அங்கே இருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். நாளை சிகிச்சை மையத்திலிருந்து ஓடிப்போனால் எங்கே தேடுவது என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எல்லாம் சரியாக இருந்தால்தான் 'சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுதுவார்கள்.

◆ ஒன்றரை ஆண்டு விடுதி வாழ்க்கை

சேர்ந்தவர்கள் 15 முதல் 24 மாதம் வரை சிகிச்சை விடுதியில் தங்க வேண்டும். காலைக் கூட்டம், விடுதி வேலைகள், குழுவாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவது, பிறகு தொழில் பயிற்சி என்று படிப்படியாகப் போகும். வேலை தேடித் தருவதற்கென்றே தனி ஆள் இருந்தார். உள்ளூர் தொழில் நடத்துபவர்களைச் சேர்த்து ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள். வருமானம் இல்லாமல் வெளியே போகிறவர் மறுபடி வழுக்கி விழுவார் என்பதை வழக்கு நடத்துகிறவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

◆ ஒரு சின்ன மாற்றம்

தொடக்கத்தில் வழக்கை நிறுத்திவைத்துவிட்டுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இடையில் ஓடிப்போனவர் மேல் ஒன்றிரண்டு ஆண்டு கழித்து வழக்கு நடத்தப் போனால் சாட்சி கிடைக்காது. அதனால் 1998-ல் முறையை மாற்றினார்கள். முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், தண்டனை மட்டும் தள்ளிவைக்கப்படும். முழுமையாக முடித்தவருக்கு அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்று, வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். பாதியில் விட்டவருக்கு எத்தனை ஆண்டு சிறை என்பது முதல் நாளே தெரியும்.

◆ சறுக்கினால் உடனே சிறையா?

இல்லை. போதையிலிருந்து மீள்கிறவர் நடுவில் ஒருமுறை சறுக்குவது நோயின் போக்கிலேயே உள்ளது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்காரர்களும் மருந்தை விட்டுவிட்டு மறுபடி டாக்டரிடம் வருவதில்லையா? புரூக்ளினில் உண்மையாக முயன்று சறுக்கியவர்களுக்கு, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து, மறுவாய்ப்புக் கொடுத்தார்கள்.

◆ பலன் என்ன?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போதை ஆய்வு மையம் ஐந்தாண்டு ஆராய்ந்து 2003-ல் அறிக்கை தந்தது. சிறைக்குப் போன ஒத்த வகையினரோடு ஒப்பிட்டால், திட்டத்தை முடித்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கைதாவது 33 சதவீதம் குறைவு. புதிய குற்றத்துக்காகச் சிறைக்குத் திரும்புவது 87 சதவீதம் குறைவு. திட்டத்தை முடித்தவர்கள், கைதாவதற்கு முன்பு இருந்ததைவிட மூன்றரை மடங்கு அதிகமாக வேலையில் இருந்தார்கள்.

◆ கணக்கும் இடிக்கவில்லை

அதே அறிக்கையின்படி ஒருவருக்குச் சிகிச்சை, தங்குமிடம், தொழில் பயிற்சி எல்லாம் சேர்த்து ஆன செலவு சராசரியாக 32,975 டாலர். அவரைச் சிறையில் வைத்திருந்தால் 64,338 டாலர் ஆகியிருக்கும். கிட்டத்தட்டப் பாதிச் செலவில் ஒரு மனிதர் திருந்தி வீடு திரும்பியிருக்கிறார்.

◆ கட்டாயப்படுத்தினால் சிகிச்சை பலிக்குமா?

'தானாகத் திருந்தணும், தள்ளிவிட்டால் நடக்காது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அமெரிக்க தேசிய போதை ஆய்வு நிறுவனம் 1999-ல் வெளியிட்ட சிகிச்சைக் கோட்பாடுகளில் இதற்கு விடை இருக்கிறது. சிகிச்சை பலிக்க அது தானாக விரும்பி வந்ததாக இருக்க வேண்டியதில்லை. குடும்பம், வேலையிடம், நீதிமன்றம் எது அழுத்தம் கொடுத்தாலும் ஆள் உள்ளே வருவதும் நிலைத்து இருப்பதும் கூடுகின்றன. விடுதியிலோ வெளிநோயாளியாகவோ 90 நாளுக்குக் குறைந்த சிகிச்சையால் அதிகப் பலன் இல்லை என்றும் அதே கோட்பாடுகள் சொல்கின்றன. ஒரு வாரம் வைத்துப் 'போதை இறக்கி' அனுப்புவது சிகிச்சையின் முதல் படி மட்டுமே.

◆ விடுதலையான முதல் இரண்டு வாரம்

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் அவர்கள் சாகும் அபாயம், பொதுமக்களைப் போல 129 மடங்கு! சிறைக்குள் உடல் போதையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறார். சிறை தெளியவைத்துவிடும் என்று நம்புகிற ஒவ்வொருவரும் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும்.

◆ கவுன்சலரிடம் சொன்னது கோர்ட்டுக்குப் போகுமா?

அமெரிக்காவில் 1970-களிலிருந்தே கூட்டரசுச் சட்டம் சிகிச்சைப் பதிவுகளைக் காக்கிறது. நோயாளியின் சம்மதமோ நீதிமன்றத்தின் தனி உத்தரவோ இல்லாமல் அவற்றை வைத்து அவர் மேல் வழக்குப் போட முடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லை என்றால் யார் வாய் திறப்பார்கள்?

◆ துளசேந்திரபுரத்துப் பேத்தி

கமலா ஹாரிஸ் சான் பிரான்சிஸ்கோவின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தபோது, 2005-ல், 'பேக் ஆன் டிராக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். இது முதல் முறையாகப் போதைப்பொருள் விற்றுப் பிடிபட்ட இளைஞர்களுக்கானது. குற்றத்தை ஒப்புக்கொண்டதும் தண்டனை தள்ளிவைக்கப்படும். சுமார் ஓராண்டுக்குப் படிப்பு அல்லது வேலை, அதோடு 220 மணி நேரச் சமூக சேவை. முடித்தால் வழக்கு ரத்து. அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்விகம் மன்னார்குடி பக்கம் உள்ள துளசேந்திரபுரம்.

◆ சியாட்டிலின் மேஜை

2011 அக்டோபரில் சியாட்டில் நகரின் பெல்டவுன் பகுதியில் 'லீட்' என்ற திட்டம் ஆரம்பமானது. சில்லறை போதை வழக்கில் பிடிபட்டவரைப் போலீஸ்காரர் லாக்கப்புக்குப் பதிலாக நேரே ஒரு சமூகப் பணியாளரிடம் ஒப்படைப்பார். போலீஸ், அரசு வழக்கறிஞர், சமூகப் பணியாளர்கள் ஒரே மேஜையில் அடிக்கடி கூடி ஒவ்வொருவர் நிலைமையையும் பேசுவார்கள். ஒருவருக்கு வீடு கிடைத்து நிலைமை தேறுகிற நேரத்தில் ஒரு பழைய வாரன்ட் வந்து எல்லாவற்றையும் குலைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அரசு வழக்கறிஞரின் வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், சேர்ந்தவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது.

◆ காவல் நிலையத்திலேயே ஒரு நண்பர்

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 2017 ஜனவரியில் தலைமை அரசு வழக்கறிஞர் மைக்கேல் மக்மேன் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'ஹோப்', அதாவது நம்பிக்கை. சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்டவரைக் காவல் நிலையத்துக்கே வந்து சந்திப்பவர், தானே போதையிலிருந்து மீண்ட ஒருவர். அளவு மீறிய போதையிலிருந்து உயிரைக் காக்கும் 'நலாக்சோன்' மருந்து கையோடு தரப்படும். மீட்பு மையத்துக்குப் போய் உண்மையாகச் சிகிச்சையில் ஈடுபட்டால் வழக்கே பதிவாகாது.

◆ பஃபலோ: தினமும் நீதிபதி முகத்தில் விழிக்க வேண்டும்

அதே 2017-ன் மே மாதம். பஃபலோ நகரில் ஹெராயின், ஃபென்டனில் சாவுகள் அடுத்தடுத்து நடந்தன. வாய்தாவுக்கு வருவதற்குள் ஆள் செத்துப்போகிற நிலைமை! அமெரிக்காவின் முதல் 'ஓபியாய்டு அவசர நீதிமன்றம்' அங்கே பிறந்தது. இயரி மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் ஜான் ஃப்ளின், வழக்கை நிறுத்தி வைக்கிறேன், முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள் என்ற நிலை எடுத்தார்.

கைதான சில மணி நேரத்தில் பரிசோதனை, உடனே சிகிச்சையில் சேர்ப்பு. அதன்பின் முதல் 30 நாள் தினமும் நீதிபதி கிரெய்க் ஹானா முன்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. வழக்கைப் பற்றிப் பேச்சே இருக்காது. நேற்று எப்படி இருந்தது, மருந்து எடுத்தாயா, எங்கே தங்கினாய் என்றுதான் கேட்பார். இரவு 8 மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டியிருந்தது. நீதிபதி ஹானா தாமே இளவயதில் போதையில் விழுந்து மீண்டவர், அதை வெளிப்படையாகச் சொல்பவர்.

◆ மருந்துக்கும் தடை போட்டார்கள்

ஹெராயின் போன்ற ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் நல்ல பலன் தருபவை. ஆனால் பல போதை நீதிமன்றங்கள் 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று அவற்றைத் தடுத்தன. 2015-ல் அமெரிக்க அரசு, அப்படித் தடுக்கும் நீதிமன்றங்களுக்கு மானியம் இல்லை என்றது. டாக்டர் எழுதிய மருந்தை எடுப்பதற்காக ஒருவரை ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறுவதாகும் என்று 2022-ல் நீதித்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்துச் சீட்டு எழுத வேண்டியவர் மருத்துவர் மட்டுமே.

◆ உதவிக்குக் கூப்பிட்டவர் மேல் வழக்கு இல்லை

நண்பன் மயங்கிக் கிடக்கிறான். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் போலீசும் வருமே என்று பயந்து ஓடியவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் முதன்முதலாக, உதவிக்கு அழைத்தவர் மேல் போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு வராது என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன.

◆ ஜெர்மனியில் சட்டமே சொல்கிறது

'தண்டனைக்குப் பதில் சிகிச்சை' என்பது ஜெர்மனியில் 1982 முதல் சட்டம். போதை அடிமைத்தனத்தால் செய்த குற்றம், தண்டனை இரண்டு ஆண்டுக்கு மிகாது என்றால், நீதிமன்றச் சம்மதத்தோடு அரசு வழக்கறிஞர் அலுவலகம் தண்டனையை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்பலாம். போதைக்காகச் செய்த திருட்டுக்கும் இது பொருந்தும். சிகிச்சை விடுதியில் இருந்த நாட்களைத் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கு வரை கழித்துக்கொள்வார்கள். சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு என்றால் வழக்கே போடாமல் விடவும் அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு.

◆ அரசு வழக்கறிஞரே தேவைப்படாத நாடு

போர்ச்சுகலில் 2001 ஜூலை முதல், 10 நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருப்பது கிரிமினல் குற்றமில்லை. பிடிபட்டவர் போவது நீதிமன்றத்துக்கு இல்லை, மூவர் கொண்ட ஒரு குழுவிடம். சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள் அதில் இருப்பார்கள். கடத்தலும் விற்பனையும் இன்றும் குற்றம்தான்.

◆ ஒரு வாக்கியத்தால் திறந்த மையம்

மக்கள்தொகை விகிதத்தில் ஐரோப்பாவிலேயே போதைச் சாவுகள் மிக அதிகமாக உள்ள நாடு ஸ்காட்லாந்து. 2020-ல் மட்டும் 1,339 பேர். அங்கே தலைமை அரசு வழக்கறிஞர் பதவிக்கு 'லார்ட் அட்வகேட்' என்று பெயர். அப்பதவியில் இருந்த டோரதி பெய்ன் 2021-ல், கடும் போதைப்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரையும் போலீஸ் எச்சரித்து விடலாம் என்று அறிவித்தார். 2023-ல் இன்னொரு படி போனார். கிளாஸ்கோவில் வரவிருந்த, கண்காணிப்பின் கீழ் போதைப்பொருளை உபயோகிக்கும் மையத்துக்குள் அதை வைத்திருப்பவர் மேல் வழக்குப் போடுவது பொதுநலனுக்கு உகந்ததில்லை என்றார். பாராளுமன்றம் சட்டத்தை மாற்றவில்லை, இந்த அறிவிப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. 2025 ஜனவரியில் 'திஸில்' மையம் திறந்தது. செவிலியர்கள் கண்ணெதிரே இருப்பதால், மூச்சு நின்றால் உடனே காப்பாற்ற முடிகிறது.

◆ ஓரிகன் கற்ற பாடம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-ல் மக்கள் வாக்கெடுப்பில், போதைப்பொருளைச் சொந்தத்துக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. சிகிச்சை வசதிகள் அதே வேகத்தில் வளரவில்லை. தெருக்களில் வெளிப்படையான உபயோகம் மக்களைக் கோபப்படுத்தியது. 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடி குற்றமாக்கினார்கள். ஆனால் பழையபடி சிறை ஒன்றே வழி என்று வைக்கவில்லை. மாவட்டங்கள் விரும்பினால், சிகிச்சையை முடிப்பவர் மேல் வழக்குப் போடாத திட்டங்களை நடத்தலாம்.

◆ ஒரே கையில் எல்லா அதிகாரமும் ஆபத்து

யாருக்குச் சிகிச்சை, யாருக்குச் சிறை என்பதை அரசு வழக்கறிஞர் மட்டுமே முடிவு செய்தால், நல்லவர் இருக்கும் ஊரில் வழி திறக்கும், கடுமையானவர் இருக்கும் ஊரில் அடைபடும். அதனால்தான் நியூயார்க் 2009-ல் ராக்கஃபெல்லர் சட்டங்களைத் திருத்தியபோது, அரசுத் தரப்பு மறுத்தாலும் நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று எழுதிவைத்தது. இன்னொரு நியாயமான குறையும் உண்டு. முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதால், உண்மையில் குற்றம் செய்யாதவர்கூட பயத்தில் தலையாட்டிவிடலாம். பக்கத்தில் ஒரு நல்ல பாதுகாப்பு வக்கீல் இருப்பது இத்திட்டங்களுக்கு அவசியம்.

◆ நம் சட்டத்தில் இருக்கிறதா?

இருக்கிறது! 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் மேல் உபயோகித்த குற்றமோ, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றமோ சாட்டப்பட்டிருந்தால், அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

◆ சிறிய அளவு என்றால் எவ்வளவு?

2001 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி: ஹெராயின் 5 கிராம், கொக்கெய்ன் 2 கிராம், அபின் 25 கிராம், சரஸ் 100 கிராம், கஞ்சா ஒரு கிலோ.

◆ தீர்ப்பு வந்த பிறகும் வழி உண்டு

அதே சட்டத்தின் 39-வது பிரிவு நீதிமன்றத்துக்கானது. குற்றவாளி என்று தீர்ப்பான போதை அடிமையை, அவர் சம்மதத்தோடு, உடனே தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சை பற்றிய அறிக்கையோடு வர வேண்டும். திருப்தி என்றால் மூன்று ஆண்டு வரை போதை தொடமாட்டேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கி விட்டுவிடலாம். அரசு வழக்கறிஞரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360-வது பிரிவின்படி தீர்ப்புக்கு முன்பு நீதிமன்றச் சம்மதத்தோடு அவர் வழக்கைத் திரும்பப் பெற முடியும்.

◆ ஏட்டில் உள்ளது நடப்பில் இல்லை

'விதி' சட்டக் கொள்கை மையம் பஞ்சாப் நீதிமன்றங்களின் 2013 முதல் 2015 வரையான போதை வழக்குகளை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை வெளியிட்டது. உபயோகித்ததற்காகப் பிடிபட்ட ஒருவரைக்கூட இந்தப் பிரிவுகளின் வழியாகச் சிகிச்சைக்கு அனுப்பவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்போ, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. சட்டம் கதவைத் திறந்து 30 ஆண்டுக்கு மேல் ஆகியும் யாரும் நுழையவில்லை என்றால், அது இருப்பதையே சொல்லாதவர்கள் மேல்தான் குறை.

◆ போதை அடிமைத்தனம் மனநோய்ப் பட்டியலில்

2017-ன் மனநலச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. மற்ற நோயாளிகளுக்கு உள்ள ரகசியக் காப்பு, மரியாதையான சிகிச்சை ஆகிய உரிமைகள் அவர்களுக்கும் உண்டு. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதை இந்தச் சட்டம் தடை செய்கிறது.

◆ உங்கள் வீட்டுப் பிள்ளை மாட்டினால்?

முதலில் வக்கீலிடம் கேளுங்கள்: பிடிபட்டது சிறிய அளவுதானா? 64ஏ பொருந்துமா? பிறகு அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சேர்த்துச் சேர்க்கைச் சீட்டையும் மருத்துவர் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றை மனுவோடு நீதிமன்றத்தில் கொடுங்கள், அரசு வழக்கறிஞருக்கும் ஒரு நகல் போகட்டும். எங்கே மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் மத்திய சமூக நீதித்துறையின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள்.

இதைப் படிக்கிற அரசு வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உபயோக வழக்கு ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, எதிரே நிற்கிற பையன் சிகிச்சைக்குத் தகுதியானவனா என்று முதலில் நீங்களே நீதிமன்றத்தில் எழுப்புங்கள். 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும்.